ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும் பெட்டி

மெமரி கார்டைச் செருகியதும், "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டுமே, பார்த்திருப்பீர்கள். டல்லாஸில் பதினெட்டு வருஷமாகப் பொட்டி தட்டுகிறேன். இதைவிட அயோக்கியத்தனமான கேள்வியைப் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் படங்கள் பெரும்பாலும் கார்டிலேயே இருக்கும். சிதைந்தது, எந்தப் படம் எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம் என்ற பதிவேடு. எங்க பிச்சாட்டூர் பாஷையில் சொன்னால் கர்ணம் நோட்டு. (பதவியை 1984-ல் என்.டி.ராமாராவ் ஒழித்துவிட்டார். நோட்டின் மவுசு குறையவில்லை.) நோட்டு கிழிந்துபோச்சு, நிலத்தைத் தரிசாக்கிப் புதுசாக எழுதிக்கலாமா என்று எவனாவது கேட்பானா?

2024 ஜூலையில் மதனப்பள்ளி சப்-கலெக்டர் ஆபீஸில் தீப்பிடித்து நிலக் கோப்புகள் எரிந்தன. அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, வேறெங்கே நகல் இருக்கிறது என்பது. அதே கேள்வியை மெமரி கார்டிடம் கேளுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுக்கு விதிக்கப்பட்டது எக்ஸ்ஃபேட். பழைய ஃபேட்32 தன் அட்டவணையை வழக்கமாக இரண்டு பிரதி வைத்திருந்தது. எக்ஸ்ஃபேட்டில் ஒன்றுதான். பெயரும் நீளமும் எழுதிய டைரக்டரிக்கு இரண்டிலுமே நகல் கிடையாது. ஜர்னலும் இல்லை. நகல் இருப்பது தொடக்கப் பகுதிக்கு மட்டும்: முதல் 12 செக்டர், அதை ஒட்டியே அடுத்த 12 செக்டரில். டூப்ளிகேட் சாவி செய்து அதே கொத்தில் கோர்த்த மாதிரி!

லினக்ஸின் எக்ஸ்ட்4-ஐப் பாருங்கள். சூப்பர்பிளாக்கின் நகல்களை வட்டு முழுக்கத் தூவி வைக்கிறது. 4 கேபி பிளாக் என்றால் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில், 128 எம்பி தள்ளி. ஐநோடு அட்டவணைக்கு அங்கேயும் ஒற்றைப் பிரதிதான், மறைப்பானேன். 2005-லேயே வெளிவந்த இசட்எஃப்எஸ் மெட்டாடேட்டா முழுவதையும் குறைந்தது இரண்டாக எழுதுகிறது. ஆகும் இடம் சொற்பம்.

ஃபிளாஷில் இரண்டு பிரதியும் உள்ளே ஒரே இடத்தில் போய் விழலாமே என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். அதை நம்பித்தான் பிடிஆர்எஃப்எஸ்காரர்கள் எஸ்எஸ்டியில் ஒற்றைப் பிரதி வைத்தார்கள். 2021-ல் அவர்களே மாற்றி, இரட்டைப் பிரதியை இயல்பாக்கினார்கள்.

ஊரில் சித்தி பெண் கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோ பையன் அந்தப் பெட்டிக்கு 'சரி' கொடுத்தான். அதோடு விட்டிருந்தாலும் படங்களை மீட்டிருக்கலாம். அதே கார்டில் அடுத்த முகூர்த்தத்தையும் எடுத்துவிட்டான். தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை. சித்தப்பா இருந்து நடத்திய கடைசி விசேஷம் அது. பையனைத் திட்டி என்ன? பெட்டி சொன்னதைத்தானே செய்தான்?

அந்தப் பெட்டி வந்தால் 'கேன்சல்' அடியுங்கள். கார்டின் ஓரத்துப் பூட்டைத் தள்ளிவிட்டு, முழுக் கார்டையும் ஒரே கோப்பாக நகலெடுங்கள். பிறகு அந்த நகலின் மேல் ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். இலவசம்தான். பதிவேட்டையே பார்க்காமல் படங்களைத் துழாவி எடுக்கும். பெயர்கள் போய்விடும், முகங்கள் திரும்ப வரும்.