கட்டுவிரியன் கடிக்கு ஊசி மட்டும் போதாது

பேராக்கில் பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் இப்போது செம்பனை நிற்கிறது. பாம்புகள் மட்டும் இடம்பெயரவில்லை. சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டப்புறங்களில் ஒருவரைப் பாம்பு கடித்தால், ‘ஊசி போட்டாச்சா?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். கட்டுவிரியன் கடிக்கு அது பாதிக் கேள்வி. ஊசிக்குப் பிறகு அவருடைய மூச்சு எத்தனை நாள் காப்பாற்றப்படும் என்பது மீதிப் பாதி. நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது இந்தப் பாதியைப் பற்றித்தான் என்கிறேன். காரணம், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது தசையிலுள்ள ஏற்பியைத் தொட்டால்தான் தசை சுருங்கும். நாகத்தின் நஞ்சு முக்கியமாக அந்த ஏற்பியை அடைக்கிறது. மலாயா கட்டுவிரியனின் நஞ்சிலுள்ள பீட்டா-பங்காரோடாக்சினோ நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. பள்ளிப் பாடம் நரம்பு, தசை என்ற இரண்டோடு நின்றுவிடும். ஆனால் அந்தச் சந்திப்பை மூடிப் பாதுகாக்கும் மூன்றாமவர் உண்டு: நரம்புக்குத் துணைநிற்கும் கிளியா வகையைச் சேர்ந்த ஷ்வான் செல்கள். நரம்பு முனை சிதையும்போது அதன் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் பொருள்கள் இந்தச் செல்களை உசுப்பிவிடுகின்றன என்று இத்தாலியின் படுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். உசுப்பப்பட்ட செல்கள் சிதைந்த குப்பையை விழுங்கி அகற்றுகின்றன. நரம்பை வளரச் சொல்லும் சைகைகளை வெளியிடுகின்றன. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1995இல், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் யங்-ஜின் சன், வெஸ்லி தாம்ப்சன் இருவரும், ஷ்வான் செல்கள் நீட்டும் இழைகளைப் பற்றிக்கொண்டுதான் அறுபட்ட நரம்பு தசையில் வளர்கிறது என்று கண்டிருந்தார்கள். கொடிக்குக் கொழுகொம்பு நட்டதுபோல.

பாம்புக்கடிக்கு முறிமருந்து ஊசி இருக்க, செல்லைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்கலாம். முறிமருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும். அதனால்தான் அதை எவ்வளவு சீக்கிரம் போட முடியுமோ அவ்வளவு நல்லது. சிதைந்துபோன நரம்பு முனையை அது ஒட்டவைக்காது. அதை மறுபடி கட்டுவது உடம்பின் வேலை. அதற்கு நாள்கள் பிடிக்கும், சிலருக்கு வாரங்கள் பிடிக்கும். அதுவரை சுவாசக் கருவிதான் உயிர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கட்டுவிரியன் நஞ்சு ஏறியவரின் கண்மணி விரிந்து, ஒளிக்கு அசையாமல் நின்றுவிடுவது உண்டு. மூளைச் சாவு போலவே தோன்றும். உள்ளே அவருக்கு நினைவு இருக்கக்கூடும். பக்கத்தில் நின்று பேசுவது காதில் விழக்கூடும். அவசரப்பட்டு நம்பிக்கையை விடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

ஷ்வான் செல்களைப் பற்றிய இந்த ஆய்வெல்லாம் எலியிலும் சுண்டெலியிலும் பார்த்தது என்பது நியாயமான ஆட்சேபம். செல்லின் நுணுக்கங்களுக்கு அது பொருந்தும். ஆனால் சுவாசக் கருவியில் வைத்துக் காப்பாற்றப்பட்டவர்கள் மெல்ல மெல்லத் தாமே மூச்சுவிடத் தொடங்குவதை மருத்துவமனைகள் மனிதரிடமே பார்த்திருக்கின்றன. மலேசியாவில் குழிவிரியனும் நாகமும் கடிப்பதே அதிகம், கட்டுவிரியன் கடி அரிது என்பதும் உண்மை. அரிதாக இருப்பதுதான் ஆபத்து: யாருக்கும் எளிதில் சந்தேகம் வராது. இரவில், தரையில் படுத்திருப்பவரை, அதிக வலியோ வீக்கமோ இல்லாமல் கடித்துவிடும்; இமை சரிந்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். அந்த நேரத்தில் விஷக்கல்லும் மந்திரிப்பும் தின்றுவிடும் ஒவ்வொரு மணியும் திரும்பக் கிடைக்காது.

பாம்புக்கடியால் வரும் சாவையும் ஊனத்தையும் 2030க்குள் பாதியாகக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலக்கு வைத்தது. பேராக்கில் அது நடக்க வேண்டுமானால், தோட்டத்துக்குப் பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வரை, வழியெல்லாம் நோயாளியின் மூச்சை விடாமல் தாங்கும் ஆளும் கருவியும் இருக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்தவரின் சுவாசக் கருவியை, கண்மணியை மட்டும் பார்த்து நிறுத்தச் சம்மதிக்காதீர்கள். கடித்த உடனே 999ஐ அழையுங்கள்.