மலையேறி வரவேண்டிய பரிசோதனை

மலத்தில் இரத்தம் கண்டதும் அது மூலம்தான் என்று தாமே முடிவு செய்து, கைமருந்திலும் கடை மாத்திரையிலும் பல மாதங்களைக் கழித்துவிட்டு வருவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பலருக்கு அது மூலமாகவே இருக்கும். சிலருக்குப் பெருங்குடல் புற்றுநோயாக இருந்துவிடுகிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். கூச்சமும் சேர்ந்துகொள்ள, பயணம் தள்ளிப்போகிறது.

இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ஒரு சிறு வளர்ச்சியாகத் தொடங்கி, முற்றுவதற்குப் பத்து ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. ஆயினும் நாடு தழுவிய பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கே இடமுண்டு, பெருங்குடலுக்கு இல்லை.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் ஒரு மின்வேதி உணரியே. பட்டையிலுள்ள நொதி சர்க்கரையோடு வினைபுரிகையில் எழும் மிகச்சிறு மின்னோட்டத்தை அது அளந்து எண்ணாகக் காட்டுகிறது. 1962இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த கருத்து அது. இப்போது நொதிக்குப் பதிலாக எதிர்ப்புரதத்தைப் பதித்து, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்த இரத்தத்தையும் புற்றுநோய்க்குரிய சில புரதங்களையும் கண்டறியும் உணரிகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர். (மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் 1953 முதல் நம் காரைக்குடியில் இயங்குகிறது.)

புதுக் கருவிகள் முதலில் பெருநகரங்களுக்குச் செல்வதே வழக்கம். இதில் அவ்வழக்கம் மாறவேண்டும் என்கிறோம். நகரத்தாருக்கு ஆய்வகம் அருகிலேயே இருக்கிறது. கையடக்கக் கருவியின் தேவை மலையில்தான் மிகுதி. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதேடிச் சென்று சர்க்கரை பார்ப்போரின் பையில் இதற்கும் இடமிருக்கும்.

ஒன்றை மறைக்கலாகாது. உணரி ஐயத்தை எழுப்பும். உறுதி செய்யக் குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி வேண்டும். சி.இ.ஏ. என்னும் புரதம் தொடக்க நிலையில் உயராமலும் இருக்கலாம், புகைபிடிப்போருக்கு நோயின்றியே உயரவும் கூடும். ஆகவே கருவியை மலைக்கு அனுப்புவோர், ஐயத்திற்குரியவரைக் கீழே அழைத்து வரும் வண்டிக்கும் பரிசோதனைக்கும் சேர்த்தே வழி செய்யவேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மலத்தில் இரத்தம், புதிதாகத் தோன்றிய மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று சில வாரங்கள் நீடித்தாலும் வந்து காட்டுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால், அறிகுறி இல்லாவிடினும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.