விசர் என்று சொல்லுமுன்

எமது அன்றாடப் பேச்சில் 'விசர்' என்ற சொல் மிக மலிவாகப் புழங்குகிறது. குழப்படி செய்யும் பிள்ளைக்கும் விசர். கடன்பட்டுப் புதுக் கார் வாங்கிய அயலவருக்கும் விசர். 'இவனை அங்கொடைக்கு அனுப்பவேண்டும்' என்று சொல்லிச் சிரிக்காதவர் எம்மில் யார்? ஆயினும் சொந்த வீட்டில் ஒருவர் மனங்கலங்கி நிற்கும் வேளையில் அச்சொல் எவர் வாயிலும் வருவதில்லை. அப்போது அது 'களைப்பு' ஆகிறது. 'நரம்புத் தளர்ச்சி' ஆகிறது. அல்லது ஊரில் எவரோ செய்வித்த சூனியம் ஆகிறது. பிறரைச் சுட்ட ஒரு சொல், எம்மவரை மறைக்கப் பல சொற்கள். இவ்வழக்கத்தால் வதைபடுபவர் நோயுற்றவரே என்பதால் இதனைச் சற்று ஆராய்தல் தகும்.

சித்தத் தெளிவுக்கும் சித்தக் கலக்கத்துக்கும் இடையிலான எல்லை, கல் நாட்டி வேலி அடைத்த காணி எல்லை போன்றதன்று. நீரிழிவு உண்டா என அறிய இரத்தத்தைச் சோதித்து ஓர் இலக்கத்தைக் காட்டலாம். மனச்சிதைவு நோய்க்கு அத்தகைய சோதனை இன்றும் இல்லை. நோயாளி சொல்வதையும் அவரது நடத்தையையும் கொண்டே வைத்தியர் முடிவு செய்கிறார். நியூயோர்க், லண்டன் ஆகிய இரு நகரங்களின் மனநோய் வைத்தியசாலைகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1972இல் நூலாக வெளிவந்தது. நியூயோர்க் வைத்தியர்கள் லண்டன் வைத்தியர்களைவிட மிகக் கூடுதலானோருக்கு மனச்சிதைவு என்று எழுதியிருந்தனர். ஆய்வாளர்கள் ஒரே அளவுகோலைக் கொண்டு இரு நகர நோயாளரையும் பரிசோதித்தபோது அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. கடலைக் கடந்ததும் நோயாளி மாறவில்லை. நோயின் பெயரே மாறியிருந்தது.

வைத்தியர்களிடையே கருத்து வேறுபடுவது ஒருபுறமிருக்க, இவ்வெல்லையை அதிகாரம் தன் வசதிக்கேற்ப நகர்த்திய வரலாறும் உண்டு. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்றைட் என்ற வைத்தியர், எசமானரிடமிருந்து தப்பியோடும் கறுப்பு அடிமைகளைப் பீடிப்பது ஒருவகை மனநோய் என எழுதி, அதற்குக் கிரேக்க மொழியில் ஒரு பெயரும் சூட்டினார். அவர் கூறிய பரிகாரங்களுள் ஒன்று சவுக்கடி. உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி ஓடுவதே நோய் என்றால், இப்பத்திரிகையை வாசிக்கும் நாம் அனைவரும் நோயாளிகளே.

அண்மைக் காலத்திலும் இது நடந்தது. சோவியத் இராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்த பியோத்தர் கிரிகோரென்கோ, தாயகத்திலிருந்து மொத்தமாக நாடு கடத்தப்பட்ட கிரிமியத் தாத்தார் மக்களுக்காகக் குரல் கொடுத்தார். 1969இல் அவர் கைதானபோது, தாஷ்கந்தில் கூடிய வைத்தியர் குழு அவரது சித்தம் தெளிவாகவே உள்ளது என்றது. அவ்விடை அரசுக்கு உவப்பாக இருக்கவில்லை. அதே ஆண்டு மொஸ்கோவில் கூடிய மற்றொரு குழு அவரை மனநோயாளி என்றது. 1974வரை அவர் அடைத்து வைக்கப்பட்டார். பின்னர் அமெரிக்காவில் அவரைப் பரிசோதித்த உளமருத்துவர்கள் நோய் எதனையும் காணவில்லை.

எமது மண்ணிலும் உதாரணத்துக்குக் குறைவில்லை. நல்லூர்த் தேரடியில் தமக்குள் பேசியபடியும் வருவோரை ஏசியபடியும் இருந்த செல்லப்பா சுவாமியை ஊர் விசரர் என்றே அழைத்தது. அவருடைய சீடராகிய யோகர் சுவாமியைப் பின்னாளில் அதே யாழ்ப்பாணம் கைகூப்பி வணங்கியது.

இவற்றைக் கொண்டு மனநோய் என்பதே கற்பனை என முடிவு கட்டுவோரும் உளர். அது பெரும் தவறு. அந்தியில் பகல் முடிந்து இரவு தொடங்கும் கணத்தை எவராலும் குறித்துக் காட்ட முடியாது. அதனால் இரவே இல்லை என்று ஆகிவிடுமா? நோய் உண்டு, அதன் வேதனை உண்டு, பலருக்கு மருந்தாலும் ஆதரவான பேச்சாலும் குணமும் உண்டு. வைத்தியத்தைத் தவிர்த்து மறைத்து வைப்பதன் முடிவை ஏர்வாடி காட்டியது. தர்காவை நாடி வந்த மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தீப்பற்றியது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர்.

இனி எமது நிலைக்கு வருவோம். வாணவேடிக்கைச் சத்தம் கேட்டுக் கட்டிலின் கீழ் ஒளிக்கும் மனிதரை வெள்ளைக்கார அயலவர் விநோதமாகப் பார்க்கலாம். குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவருக்கு அது உயிர் காத்த பழக்கம். அங்கே புத்தியாக இருந்தது இங்கே நோயாகிறது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இத்தகைய மனவடுவை 1980இல்தான் தனி நோயாகத் தன் கையேட்டில் ஏற்றது. எம்மவரின் மனவடுக்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதிய ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது.

அகதி விசாரணையில் திகதிகள் மாறிப்போனால் 'பொய்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 2002இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு வேறொன்றைக் கூறுகிறது. ஏற்கெனவே தங்கும் அனுமதி பெற்ற, எனவே பொய் சொல்லத் தேவையற்ற கொசோவோ, பொஸ்னிய அகதிகளை இருமுறை விசாரித்தபோது, ஒரே சம்பவத்தைப் பற்றி அவர்கள் கூறியவற்றிலும் முரண்பாடுகள் இருந்தன. மனவடு உள்ளவர் விசாரணைக்கு முன்னரே அதனைச் சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் தெரிவித்தல் அவசியம்.

மொழியும் இவ்வெல்லையைக் குழப்பும். 'நெஞ்சுக்குள் கல்லை வைத்ததுபோல் கிடக்கிறது' என்று சொல்லும் தாய்க்கு இருதயப் பரிசோதனை நடக்கிறது. 'செத்த அம்மா இரவு வந்து கூப்பிட்டா' என்பது எம்மிடையே ஏக்கத்தின் பேச்சு. மொழிபெயர்ப்பில் அது மாயத் தோற்றமாகிவிடலாம். ஆகவே தகுந்த மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். பத்து வயதுப் பிள்ளையைத் தாயின் துயரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்.

'இவருக்கு விசரா, இல்லையா?' என்ற கேள்வியால் எவருக்கும் நன்மை இல்லை. நித்திரை கொள்கிறாரா? சாப்பிடுகிறாரா? எத்தனை வாரமாக எவருடனும் பேசவில்லை? சாவைப் பற்றிப் பேசுகிறாரா? இவையே கேட்கத்தக்கவை. இவற்றுக்கு வரும் விடை கவலை தருவதாயின் குடும்ப வைத்தியரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிய பேச்சாயின் ஒரு நாளும் பொறுத்திராதீர்கள். 'தங்கச்சியின் கலியாணம் முடியட்டும்' என்று ஒத்திப்போடும் ஒவ்வொரு மாதமும் நோயை முற்றச் செய்யும்.

போரும் பிரிவும் தனிமையும் எம்முள் எவரையும் அந்த மங்கிய எல்லையின் அருகே கொண்டுபோகக் கூடியவை. இன்று அங்கே நிற்பவர் பக்கத்து வீட்டுத் தம்பியாக இருக்கலாம். அவருக்குப் பெயர் சூட்டுவதை விட்டு, அவரது கதவைத் தட்டி ஒரு தேநீர் குடித்து வருவோம்.