நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவர் யார்?



சீலோவிலிருந்த ஆலயத்தில் ஓர் இரவு. விளக்கு இன்னும் அணையவில்லை. சிறுவன் சாமுவேல் படுத்திருக்கிறான். அவனை அழைக்கும் ஒரு குரல் கேட்கிறது. பார்வை மங்கிய முதிய ஆசாரியரான ஏலியே தன்னை அழைக்கிறார் என்றெண்ணி அவன் எழுந்து ஓடுகிறான். தாம் அழைக்கவில்லையென்று கூறி, ஏலி அவனைத் திரும்பப் போய்ப் படுக்கச் சொல்கிறார். மூன்று முறை இவ்வாறு நிகழ்கிறது. மூன்றாவது முறையிலேயே அழைப்பவர் யாரென்பதை அம்முதியவர் உணர்ந்து, மீண்டும் அக்குரல் கேட்டால் எவ்வாறு மறுமொழி கூறவேண்டுமென்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறார் (1 சாமுவேல் 3).

இப்பகுதியைக் கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று அதன் வேறொரு பக்கத்தைச் சிந்திப்போம். இரவில் அழைப்பு வருவது ஒன்று. அழைப்பவர் யாரென்று பகுத்தறிவது வேறொன்று. சாமுவேலிடம் விருப்பம் இருந்தது, வேகமும் இருந்தது. பகுத்தறிவு மட்டும் இருக்கவில்லை. அதை ஏலி கொடுத்தார்.

இன்று நம்மில் அநேகருடைய தலையணையருகே கையடக்கத் தொலைபேசி உறங்குகிறது. உண்மையில் அது உறங்குவதில்லை, நம்மையும் உறங்கவிடுவதில்லை. பிரிவுத் தலைவரின் செய்தி, பாடசாலைப் பழைய மாணவர் குழுவின் வேடிக்கைப் படம், கடையொன்றின் விலைக்கழிவு அறிவித்தல், சகோதரியின் கண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் அது ஒரே ஒலியுடன் நம்மிடம் கொண்டுவருகிறது. நாமும் சாமுவேலைப்போல ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடுகிறோம். நமக்குச் சொல்லித்தர ஓர் ஏலி இல்லை.

‘படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்’ என்று சொல்வது எளிது. அதற்கு எழும் மறுமொழியையும் நாம் அறிவோம். “வேலையிலிருந்து அழைத்தால் என்ன செய்வது? வீட்டாருக்கு ஆபத்தென்றால் எப்படித் தெரியும்?” இது சாக்குப்போக்கு அன்று; நியாயமான அச்சம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டைத் தாக்கியபோது, வெள்ளத்தினாலும் மண்சரிவினாலும் எத்தனை குடும்பங்கள் உறவுகளை இழந்தன! மலைச்சரிவில் வாழ்கிறவரிடம், இரவில் எச்சரிக்கை எட்டாதபடி தொலைபேசியை அணைத்துவிட்டு உறங்குங்கள் என்று எவரும் சொல்லத் துணியார். குவைத்திலோ சவூதி அரேபியாவிலோ வீட்டுப் பணி செய்யும் ஒரு தாய், இரவு பத்தரை மணிக்கு வேலை முடிந்து தன் பிள்ளைகளை அழைக்கும்போது இங்கே அதிகாலை ஒரு மணியாகிறது. அந்த அழைப்பை இழப்பது சிறிய இழப்பன்று.

ஆயினும், அருகில் வைத்திருப்பதனாலேயே நாம் பிறருக்கு எட்டக்கூடியவர்களாக இருக்கிறோம் என்பது உண்மையா? இதற்கு என்னுடைய தவறு ஒன்றையே சாட்சியாக வைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, ஊரில் தனியே வாழ்ந்த என் தாயாருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. அயல்வீட்டார் எனக்கு நான்கு முறை அழைத்திருந்தார். என் தொலைபேசி கட்டிலில், என் கைக்கு எட்டும் தூரத்திலேயே கிடந்தது. ஆனால் ஒரு மணிவரை அதிலே எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்த நான், குழுச் செய்திகளின் ஓயாத ஒலியைத் தாங்கமாட்டாமல் அதை முற்றாக ஊமையாக்கிவிட்டே உறங்கியிருந்தேன். அயலவரே 1990 இலக்கத்துக்கு அழைத்து, சுவசெரிய நோயாளர் காவு வண்டியில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். விடிந்தபின்னரே நான்கு அழைப்புகளையும் கண்டேன். இறைவன் அருளால் தாயார் பிழைத்துக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சொன்னது இதுதான்: “பரவாயில்லை ராசா, நீ நல்ல நித்திரையாயிருந்திருப்பாய்.” நல்ல நித்திரையாயிருந்தேன் என்று சொல்லக்கூட எனக்குத் தகுதி இருக்கவில்லை. உறக்கத்தையும் இழந்தேன், அழைப்பையும் இழந்தேன்.

அன்று எனக்கு விளங்கியது ஒன்று. எல்லாக் குரலுக்கும் திறந்திருக்கும் காது, இறுதியில் எந்தக் குரலையும் கேளாத காதாகிவிடுகிறது. தேவையற்ற ஒலிகளே தேவையான ஒலியை நம்மைக்கொண்டே அடைக்கச் செய்கின்றன.

அறிவியலும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. வளர்ந்தோர் நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலமேனும் உறங்கவேண்டுமென அமெரிக்க உறக்க மருத்துவ வல்லுநர்கள் 2015இல் பரிந்துரைத்தனர். அதே ஆண்டில் வெளிவந்த பொஸ்டன் ஆய்வொன்றில், படுக்கைக்கு முன் ஒளிவீசும் திரையில் வாசித்த 12 பேரும் அச்சிட்ட நூலை வாசித்த இரவுகளைவிடச் சராசரியாகப் பத்து நிமிடம் பிந்தியே உறங்கினர். பத்து நிமிடம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 2016இல் 20 ஆய்வுகளை, அதாவது 1,25,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, படுக்கை நேரத்தில் கருவியைப் பயன்படுத்தாமல் அது கைக்கு எட்டும்படி இருந்த பிள்ளைகளிடமும் போதிய உறக்கமின்மை கூடுதலாகக் காணப்பட்டது. ஒளி மட்டும் காரணமன்று. ‘ஏதேனும் வந்திருக்குமோ’ என்ற எதிர்பார்ப்பும் மனத்தை விழிக்கச் செய்யக்கூடும்.

அப்படியாயின் வழி என்ன? லூக்கா எழுதிய நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் இயேசு கூறிய உவமையை நினைவுகூருவோம். நள்ளிரவில் ஒருவன் நண்பனின் வீட்டுக்கு வந்து மூன்று அப்பங்களைக் கேட்கிறான். உள்ளே இருப்பவன், கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகளும் தன்னோடு படுத்திருக்கிறார்கள் என்கிறான். ஆனாலும் நண்பன் விடாது கேட்பதனால் எழுந்து கொடுக்கிறான். இவ்வுவமை செபத்தைப் பற்றியதே. எனினும் அந்த வீட்டின் ஒழுங்கைக் கவனியுங்கள். கதவு பூட்டியிருக்கிறது, அது குற்றமன்று. பிள்ளைகள் உறங்குகிறார்கள், அது அவர்களுடைய உரிமை. ஆனால் விடாது தட்டுகிறவனின் தேவை உள்ளே எட்டுகிறது. பூட்டிய கதவும் திறக்கும் கதவும் ஒரே கதவுதான்.

வியப்பு என்னவெனில், நம் கையிலுள்ள கருவியிலேயே இத்தகைய கதவொன்று உண்டு. ‘தொந்தரவு செய்யாதே’ என்னும் வசதியை இரவு நேரத்துக்கு ஏற்படுத்திவைத்தால் செய்திகளும் அறிவித்தல்களும் ஓசையின்றித் தங்கிவிடும். நாம் தெரிந்தெடுத்த சிலருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும். வேறொருவர் அழைத்தால் முதல் அழைப்பு ஒலிக்காது. ஆனால் அவரே ஐபோனில் மூன்று நிமிடங்களுக்குள்ளும், அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் பொதுவாகப் பதினைந்து நிமிடங்களுக்குள்ளும் இரண்டாம் முறை அழைத்தால், அதற்குரிய தெரிவை நாம் இட்டிருக்கும்பட்சத்தில், மணி ஒலிக்கும். விடாது தட்டுகிறவனுக்குக் கதவு திறக்கிறது! வட்ஸ்அப் போன்ற செயலிகளின் அழைப்புகள் எல்லாத் தொலைபேசிகளிலும் இவ்வாறே இயங்குமென நம்பியிருக்கலாகாது. ஆகவே அவசரத்துக்குச் சாதாரண அழைப்பையே எடுக்கும்படி உறவினருக்குச் சொல்லிவைப்பதும், ஒருமுறை சோதித்துப் பார்ப்பதும் நன்று.

இவ்வாறு ஒழுங்குசெய்த தொலைபேசியை, மணியொலியை முழு அளவில் வைத்து, முன்னறையிலோ விறாந்தையை அடுத்த மேசையிலோ மின்னேற்றவிடலாம். அழைப்பு வந்தால் கேட்கும். எழுந்து நடந்து போய் எடுக்கவேண்டும். அந்தப் பத்தடி தூரமே நம் ஏலி. கண்விழித்த போதெல்லாம் கைநீட்டிப் பார்க்கும் பழக்கத்தை அது தடுக்கும். உண்மையான அழைப்பைத் தடுக்காது. விடியற்காலையில் எழுப்ப ஒரு சிறிய மணிக்கூடு போதும். லயன் அறையிலும் ஒற்றையறை வாடகை வீட்டிலும் வாழ்கிறவர்கள் ‘எங்களுக்கு ஏது வேறு அறை?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாசலருகேயுள்ள தட்டிலோ அலுமாரியின் மேலோ, திரை கீழ்நோக்கியிருக்க வையுங்கள். படுத்தபடி எட்டாத இடம் என்பதே முக்கியம்.

வேலை கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலமும் வாரத்துக்கு 45 மணித்தியாலமும் என வழமையான வேலை நேரத்தை வரையறுத்தது. அலுவலகக் கதவு பூட்டப்பட்டால் வேலை முடிந்தது என்ற காலத்துச் சட்டம் அது. பிரான்ஸில், 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள், வேலை நேரத்தின் பின் தொடர்பைத் துண்டித்திருக்கும் ஊழியரின் உரிமையைப்பற்றி அவர்களோடு பேசித் தீர்மானிக்கவேண்டியுள்ளது. அவுஸ்திரேலியாவில், 2024 ஓகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலை நேரத்துக்கு வெளியே வரும் தொடர்புகளுக்கு மறுமொழி அளிக்க மறுக்கும் உரிமையை ஊழியருக்கு அளிக்கிறது. அம்மறுப்பு நியாயமற்றதாக இருக்கலாகாது என்பது மட்டுமே நிபந்தனை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓர் எளிய உடன்பாடு போதும்: நாளைக்காகும் காரியம் செய்தியாக வரட்டும், இப்போதே ஆகவேண்டிய காரியம் அழைப்பாக வரட்டும். இரவு பதினொரு மணிக்கு எழுதப்படும் செய்திக்குக் காலை எட்டு மணிக்கு மறுமொழி கிடைத்தால் பல அலுவலகங்களில் எதுவும் இடிந்துவிடாது. வைத்தியர், தாதியர், மின்சாரம் திருத்துவோர் போன்றோரின் பணி வேறு. அங்கே முறைவைத்துக் காவலிருப்பது அவசியம். முறை என்றால் ஒருவருடைய முறை முடியவும் வேண்டும். எல்லாரும் எல்லா இரவும் காவலிருக்கும் இடத்தில் உண்மையில் காவல் இல்லை, களைப்பே உண்டு.

கலிலேயாக் கடலிலே புயல் எழுந்தபோது ஆண்டவர் படகின் பின்னணியத்தில் தலையணைமேல் உறங்கிக்கொண்டிருந்தார் என்று மாற்கு எழுதுகிறார். களைத்த மனிதராக அவர் உறங்கினார். அந்த உறக்கத்துக்காக அவர் வெட்கப்படவில்லை. படகைச் செலுத்த மற்றவர்கள் விழித்திருந்தார்கள். அவர்களில் சிலர் கடலையறிந்த மீனவர்கள். படகினுள் நீர் நிரம்பத் தொடங்கியபோதே அவரை எழுப்பினார்கள் என்று வாசிக்கிறோம். அவர் எழுந்தார்.

உறங்குவது அன்பின்மை அன்று. எழுப்பமுடியாதபடி உறங்குவதும், உறங்கமுடியாதபடி விழித்திருப்பதுமே நாம் அஞ்சவேண்டியவை. உறங்காமலும் தூங்காமலும் காக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று ஒவ்வொரு இரவும் செபத்தில் அறிக்கையிடுகிறோம். அவ்வறிக்கையைச் செய்துவிட்டு, அந்தக் காவற்பணியைத் தொலைபேசியின் துணையோடு நாமே ஏற்றுக்கொள்வது எவ்வளவு முரண்!

அன்பர்களே, இன்றிரவே இதனைச் செய்து பார்ப்போம். உங்களை எந்நேரமும் எழுப்பக்கூடியவர்கள் யாரென்று ஒரு தாளில் எழுதுங்கள். பெற்றோர், பிள்ளைகள், தூரதேசத்து உறவு, முறைக்காவல் இருக்கும் நாட்களில் பணியிடத்து இலக்கம் என்று பத்துப் பெயர்கூட வராது. அப்பெயர்களுக்குக் கதவைத் திறந்துவையுங்கள். மற்றவற்றுக்கு அன்போடு பூட்டுங்கள். பின்னர் தொலைபேசியை வெளியே வைத்துவிட்டு, அருகிலிருப்பவரோடு சில நிமிடம் பேசி, செபித்து உறங்குவோமாக. என் தாயார் சொன்ன அந்த ‘நல்ல நித்திரை’ நம் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பதாக. அழைப்பு உண்மையானதாயின், எழுந்து செல்லும் பெலனும் நமக்கு இருப்பதாக.