மண்ணில் கிடைத்த ரூமின் காசு



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகளுக்காக நிலம் தோண்டும்போது, பச்சை படிந்த செப்புக் காசொன்று நம் பிள்ளைகளின் கைக்கு வரக்கூடும். அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால் ஒரு வரலாறே உலையில் உருகிவிடும்.

அது எவர் காசு என அறிவது ஆராய்ச்சியாளரின் வேலை மட்டுமன்று. மார்க்கமும் அதைக் கேட்கிறது. புதையலில் இஸ்லாத்துக்கு முந்திய ஆட்சியின் அடையாளம் இருந்தால் அது ‘ரிகாஸ்’. முஸ்லிம் ஆட்சியின் முத்திரை இருந்தால் அது ‘லுக்தா’, அதாவது உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டிய பொருள். ஃபுகஹாக்கள் இவ்வாறு பிரித்துரைக்கின்றனர். ஆகவே முதல் வேலை காசைப் படிப்பதே.

ஒரு பக்கம் நின்ற உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும், நாகரியில் ராஜராஜன் பெயரும் இருந்தால் சோழர் காசு. பார்சி எழுத்துடையது ஆற்காட்டு நவாபுடையதாகலாம். விரல் நகமளவுக் காசில், முத்துப்பட்டை அணிந்த அரசனின் பக்கவாட்டு முகமும் இலத்தீன் எழுத்தும் இருந்தால், பெரும்பாலும் அது பிற்கால ரோமக் காசு. மாமல்லபுரத்தில் தியோடோசியஸ் மன்னரின் செப்புக் காசு கிடைத்திருக்கிறது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் இலங்கையிலும் இத்தகைய காசுகள் ஏராளம். நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி (மறைவு 2021) தென்னாட்டில் கிடைத்தவற்றைப் பற்றி 1994இல் தனி நூலே வெளியிட்டார்.

கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட ரூம் பேரரசின் பெரிய செப்புக் காசுகளைப் படிப்பது இன்னும் எளிது. 498இல் அனஸ்தாசியஸ் மன்னர் செய்த சீர்திருத்தத்திற்குப்பின், பின்பக்கத்தில் பெரிய எழுத்தொன்று மதிப்பைச் சொல்லும்: ‘எம்’ 40, ‘கே’ 20, ‘ஐ’ 10, ‘ஈ’ 5. ஜஸ்டினியன் காலத்தில், 538 முதல், இடப்புறம் ஆண்டு எனப் பொருள்படும் ‘அன்னோ’வும் வலப்புறம் ஆட்சியாண்டின் எண்ணும் சேர்ந்தன. அடியில் அச்சிட்ட நகரின் பெயர்ச்சுருக்கம் காணப்படும். நபி (ஸல்) அவர்கள் கடிதம் அனுப்பிய ஹிர்கல் மன்னரின் (610–641) காசுகளிலும் இம்முறையைக் காணலாம். இப்பெரிய காசுகள் நம் மண்ணில் மிக அரிது. எவரேனும் விலை பேசினால் போலியோ என விழிப்பாயிருங்கள்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. ஷாம் நாடு முஸ்லிம்கள் வசமான பின்னரும் சில காலம் இதே சாயலில் காசுகள் அச்சாயின. அரபு எழுத்தும் அவற்றில் சேர்ந்தது. ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் உருவமில்லாத, கலிமா பொறித்த தீனாரை வெளியிட்டார். செப்புக் காசைக் குறிக்கும் ‘ஃபல்ஸ்’ என்னும் அரபுச் சொல்லே ரூமின் ‘ஃபோலிஸ்’ என்பதிலிருந்து வந்ததுதான். எனவே உருவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டலாகாது.

காசைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். எடை, விட்டம், கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்து, இருபுறமும் படமெடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. மண்ணுள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைக் கடந்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பிறர் நிலத்தில் எடுத்ததைத் தமதென்று கொள்ள மார்க்கமும் இடந்தராது. விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

செல்லாக் காசாயினும் அது நம் கையில் அமானிதமே. அமானிதம் பேணுவோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.