விலை கொடுத்தவன் உழவன். சாவி யார் கையில்?

2022ஆம் ஆண்டு வசந்த காலத்திலே, உக்ரேன் நாட்டின் மெலிட்டொபோல் நகரிலே ஒரு கொள்ளை நடந்தது. நகரைக் கைப்பற்றியிருந்த ரஷ்யத் துருப்பினர், ஜான் டீர் யந்திரங்களை விற்கும் கிடங்கு ஒன்றில் புகுந்து, டிராக்டர்களையும் அறுவடை யந்திரங்களையும் வாரிச் சென்றனர் என்று செய்தி வந்தது. ஏறத்தாழ 50 லட்சம் டாலர் பெறுமானமுள்ள சரக்கு! அதில் ஒரு பகுதி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செச்னியாவுக்கு லாரிகளிலே போய்ச் சேர்ந்தது. சேர்ந்து பயன் என்ன? கொண்டு போனவர்கள் முடுக்கிப் பார்த்தனர். யந்திரங்கள் அசைய மறுத்தன. தொலைவிலிருந்தபடியே அவை பூட்டப்பட்டிருந்தன.

உலகம் கைகொட்டிச் சிரித்தது. திருடனுக்கு நல்ல பாடம் என்று நாமும் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததிலே தவறில்லை. ஆனால், சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி எழுகிறதா, இல்லையா? திருடன் கையிலுள்ள யந்திரத்தைப் பூட்ட முடிகிற கரம், விலை கொடுத்து வாங்கிய உழவன் கையிலுள்ள யந்திரத்தை மட்டும் பூட்ட முடியாத கரமா? நவீன டிராக்டர், ஏறிக்கொண்டே போகும் தன் விலைக்குத் தகுமா என்று பலர் விவாதிக்கின்றனர். அந்த விவாதத்தின் விடை, குதிரைத் திறனிலே இல்லை; கண்ணாடித் திரையிலே இல்லை; இந்தச் சாவியிலே இருக்கிறது என்பதே நமது வாதம்.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். நாம் யந்திரத்தின் பகைவர் அல்லர். உழைப்பவனின் முதுகெலும்பை நிமிர்த்தும் எந்தக் கருவியையும் வரவேற்பவர்கள் நாம். அமெரிக்காவின் ஐயோவாவிலும் இல்லினாயிலும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் சோள வயல்களிலே, வானத்துத் துணைக்கோள்களின் துணையால் தானே நேர்கோட்டில் செல்லும் டிராக்டர், விதைத்த இடத்திலேயே மீண்டும் விதைக்காமல் காக்கிறது. விதை மிச்சம், உரம் மிச்சம், எண்ணெய் மிச்சம். களையை மட்டும் காமிராவால் கண்டறிந்து மருந்து தெளிக்கும் கருவியும் வந்துவிட்டது. அந்த வித்தையை வளர்த்த ப்ளூ ரிவர் என்ற நிறுவனத்தை ஜான் டீர் 2017ஆம் ஆண்டிலே 30 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து விலைக்கு வாங்கியது. புகையைக் கட்டுப்படுத்தும் சாதனங்களையும் குறை கூற மாட்டோம். உழவனின் நுரையீரலும் நுரையீரல்தானே!

எனவே, புதுமை வீண் என்பது நம் கட்சியன்று. பிறகு எதை எதிர்க்கிறோம்? சொல்லுகிறோம், கேளுங்கள்.

முன்னாளிலே டிராக்டர் நின்றுவிட்டால் உழவன் என்ன செய்தான்? மூடியைத் திறந்தான், ஸ்பேனரை எடுத்தான், தானே பழுது பார்த்தான். முடியாவிடில் பக்கத்து ஊர் மெக்கானிக்கை அழைத்தான். மாலைக்குள் யந்திரம் ஓடியது. இன்றைய பெரிய டிராக்டரிலே எஞ்சினுக்கும் உழவனுக்கும் நடுவே கம்ப்யூட்டர் ஒன்று நிற்கிறது. டஜன் கணக்கான சென்சார்கள் அதற்குச் செய்தி சொல்லுகின்றன. புகையைத் தூய்மையாக்க ஊற்றும் யூரியாக் கரைசலை அளக்கும் சிறு சென்சார் ஒன்று கெட்டாலும் போதும்; எஞ்சின் தன் வலிமையைத் தானே சுருக்கிக் கொண்டு ஊர்ந்து செல்லும். திரையிலே ஓர் எண் மின்னும். அந்த எண்ணுக்குப் பொருள் என்ன? எந்த உறுப்புப் பழுது? முழு விடை சொல்லும் மென்பொருள் டீலரிடம் இருக்கிறது. புதிய உறுப்பை வாங்கி மாட்டினாலும், அதை ஏற்றுக்கொள் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட வேண்டிய வேளைகளில், அந்த அதிகாரமும் டீலருக்கே!

வானம் கறுக்கிறது, மழை வருமுன் அறுவடை முடிய வேண்டும், டீலரின் ஆள் நாளை வருவாரா, நாளை மறுநாள் வருவாரா என்று வரப்பிலே நின்று வழி பார்க்கிறான் உழவன். அந்தக் காத்திருப்பின் நட்டத்தை எந்த விலைப் பட்டியலிலே அச்சிட்டிருக்கிறார்கள்?

2024 மே மாதத்திலே கடுமையான சூரியப் புயல் ஒன்று வீசியது. துணைக்கோள் சைகை தடுமாறி, விதைப்பு நேரத்திலே அமெரிக்க வயல்கள் பலவற்றில் டிராக்டர்கள் நின்றன. அது இயற்கையின் செயல். புயல் ஓய்ந்தது, யந்திரமும் ஓடியது. ஆனால் கம்பெனி போட்ட பூட்டு இயற்கையின் செயலா? அது மனிதன் போட்டது, இலாபத்திற்காகப் போட்டது.

வரலாறு செய்யும் கேலியைப் பாருங்கள், தோழர்களே! இந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜான் டீர் யார்? ஒரு கொல்லர்! 1837ஆம் ஆண்டிலே இல்லினாய் மாநிலத்தின் கிராண்ட் டிடூர் என்ற சிற்றூரிலே, ஒட்டும் கரிசல் மண்ணிலே வழுக்கிச் செல்லும் எஃகுக் கலப்பையை அடித்துக் கொடுத்தவர். உழவர் கொண்டு வந்த கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவர். கொல்லரின் பெயரைத் தாங்கிய கம்பெனி, இன்று ஊர்ப் பட்டறைக்காரனைப் பார்த்து, 'தொடாதே!' என்கிறது. நிறுவியவரே இன்று பட்டறை வைத்திருந்தால், தம் பெயர் பொறித்த டிராக்டரின் பழுதைத் தீர்க்க, டீலரின் வாயிலிலே நின்றிருப்பார்!

2015ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் இக்கம்பெனி வைத்த வாதத்தின் சாரம் என்ன தெரியுமா? டிராக்டரின் இரும்பு உழவனுக்குச் சொந்தம். உள்ளேயிருக்கும் மென்பொருளோ அவனுக்குச் சொந்தமன்று. வண்டி இருக்கும் நாள் வரை அதை ஓட்டிக்கொள்ள அனுமதி மட்டுமே அவனுக்கு உண்டு என்பதாகும். உரிமையன்று, அனுமதி! உழுபவனுக்கு நிலத்திலே உரிமையில்லை, அனுமதிதான் என்று ஜமீன்தார்கள் சொன்னார்களே, அந்தக் குரல் நம் காதிலே இன்னும் ஒலிக்கவில்லையா? ஜமீன் மண்ணிலிருந்து மென்பொருளுக்குக் குடியேறியிருக்கிறது, வேறென்ன? அந்த ஆண்டே அமெரிக்கச் சட்டத்திலே பழுது பார்ப்பதற்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் பூட்டை உடைப்பது குற்றமல்ல என்றார்களே ஒழிய, சாவியைக் கொடு என்று கம்பெனிக்குக் கட்டளையிடவில்லை. ஆகவே, பூட்டை உடைக்கும் மென்பொருளை உக்ரேனிலிருந்து களவாக வாங்கித் தம் டிராக்டர்களிலே ஏற்றினர் அமெரிக்க உழவர் சிலர். 2017ஆம் ஆண்டிலே வெளியான செய்தி இது. தன் பொருளைப் பழுது பார்க்கத் திருடனைப் போல ஒளிந்து நிற்பவன், உலகின் செல்வ நாட்டு உழவன்!

கம்பெனியின் தரப்பிலே பதில் இல்லாமலில்லை. 'பழுது பார்க்க விட்டால் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றி எறிவார்கள். காற்று கெடும்' என்கின்றனர். அக்கறை மெய்யானால் வணங்குவோம். ஆனால், காற்றைக் காக்கும் பொறுப்புள்ள அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் தலைவரே, தூய காற்றுச் சட்டம் உழவனின் பழுதுபார்ப்புக்குத் தடையன்று என்று 2023 ஆகஸ்டிலே உழவர் சங்கத்துக்கு எழுதிவிட்டார். 'சிக்கலான யந்திரம், விபத்து நேரும்' என்பது அடுத்த வாதம். சிக்கல் என்றால் விளக்கப் புத்தகத்தைக் கொடுங்கள்! அறியாமையால் ஆபத்து என்று கூறிக்கொண்டே, அறிவைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

வாக்குறுதிகளுக்கும் பஞ்சமில்லை. 2021 பிறந்ததும் பழுதுபார்க்கும் கருவிகளைத் தருவோம் என்று, யந்திர உற்பத்தியாளரும் விற்பனையாளரும் 2018ஆம் ஆண்டிலே உறுதி கூறினர். ஆண்டு பிறந்தது, உழவனின் குறை தீரவில்லை. 2023 ஜனவரியிலே அமெரிக்கப் பண்ணைக் கழகக் கூட்டமைப்போடு ஜான் டீர் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. கருவிகள் தருவதாகக் கம்பெனி சொன்னது. கழகம் ஏற்றுக்கொண்ட நிபந்தனை என்ன? பழுதுபார்க்கும் உரிமைக்காகச் சட்டம் கோருவதை ஆதரிக்கமாட்டோம் என்பது! உரிமையைக் கொடுத்து வாக்குறுதியை வாங்கினார்கள். சட்டம் கையிலிருந்தால் வழக்காடலாம். வாக்குறுதி கையிலிருந்தால் காத்திருக்கத்தான் முடியும்.

காத்திருக்க மறுத்தவர்களும் உண்டு. அதே 2023ஆம் ஆண்டிலே கொலராடோ மாநிலம், உழவு யந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியிலே அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன், இல்லினாய், மினசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து, பழுதுபார்ப்பிலே ஏகபோகம் நடத்துவதாகக் குற்றஞ்சாட்டி ஜான் டீர் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனி அதை மறுத்தது. தீர்ப்பு எதுவாயினும் ஆகட்டும். வாக்குறுதியை நம்பி அமர்ந்திருந்தால் வழக்கே வந்திராது என்பது மட்டும் உறுதி.

விலை ஏறியதே, உழைத்துச் செய்த தொழிலாளியிடமாவது அந்தப் பணம் சேர்ந்ததா? 2021 அக்டோபரிலே இக்கம்பெனியின் தொழிலாளர் ஏறத்தாழ 10,000 பேர் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்த பிறகே கூலி உயர்ந்தது. 2023 நிதியாண்டிலே கம்பெனி ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இலாபம் ஈட்டியது. அதன் வரலாற்றிலே அதுவரை காணாத இலாபம். அடுத்த ஆண்டே ஐயோவா, இல்லினாய் ஆலைகளிலே நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆலையிலே தொழிலாளியை ஆட்டும் கரமும் வயலிலே உழவனைக் காக்க வைக்கும் கரமும் ஒன்றே!

'அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?' என்று கேட்பீர்கள். இதே கம்பெனி புனேயிலே ஆலை வைத்து நம் நாட்டிலே டிராக்டர் விற்கிறது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் 2023 ஜனவரி முதல் இங்கும் வந்துவிட்டன. அவற்றோடு மின்னணுக் கட்டுப்பாடும் எஞ்சினுக்குள் நுழைகிறது. இந்திய உழவனின் சராசரி நிலம், 2015-16 கணக்கின்படி 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டிலே 0.75 ஹெக்டேர்தான். ஆயிரம் ஏக்கர்க்காரனே தள்ளாடுகிறான் என்றால், கடன் வாங்கி டிராக்டர் எடுத்து, மணிக்கணக்கிலே வாடகைக்கு ஓட்டித் தவணை கட்டும் நம் ஊர் உழவன் நிலை என்னாகும்? யந்திரம் நின்ற ஒவ்வொரு நாளும் வட்டி மட்டும் நிற்பதில்லையே!

இன்னும் நம் டிராக்டர்களிலே பெரும்பாலானவை எளியவை. ஊர்ப் பட்டறையிலே திறக்கக் கூடியவை. அதனால்தான் இப்போதே பேச வேண்டும் என்கிறோம். 2022 ஜூலையிலே டில்லி சர்க்கார் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. உழவுக் கருவிகளும் அதன் பட்டியலிலே இடம்பெற்றன. நல்லது. ஆனால் குழு சட்டமன்று. 2025 செப்டம்பரிலே டிராக்டர் மீதான சரக்கு சேவை வரியை 12 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைத்தனர். அதுவும் நல்லதே. வரியைக் குறைத்தால் விலை குறையும், பூட்டு திறக்குமா?

எனவே, நவீன டிராக்டர் விலைக்குத் தகுமா என்று எவரேனும் உங்களைக் கேட்டால், நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். பழுதின் பொருளை வாங்கியவன் படித்தறிய முடியுமா? உதிரி உறுப்பையும் கருவியையும் எந்தப் பட்டறையும் நியாய விலைக்கு வாங்க முடியுமா? மாட்டிய உறுப்பை டீலரின் அனுமதியின்றி இயக்க முடியுமா? உடையவன் சம்மதமின்றித் தொலைவிலிருந்து பூட்டும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்று சட்டம் சொல்லுகிறதா? நான்குக்கும் 'ஆம்' என்றால், விலை அதிகமேயானாலும் கணக்குப் பார்த்து வாங்கலாம். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்றால், அவன் கொடுப்பது விலையன்று. முன்கூட்டிக் கட்டும் குத்தகை!

கிளைக் கூட்டங்களிலே பேசுங்கள், தோழர்களே! உழவர் சங்கத்திலே தீர்மானம் போடுங்கள். டிராக்டர் பட்டறை நடத்தும் மெக்கானிக்குகளையும் அழைத்து அமர்த்துங்கள். இது அவர்களின் வயிற்றுப் பிரச்சினையும்கூட. மெலிட்டொபோலிலே திருடன் முன் பூட்டிக்கொண்ட யந்திரத்தைக் கண்டு சிரித்தோம். நாளை நம் வயலிலே, உடையவன் முன் அது பூட்டிக்கொண்டு நின்றால், சிரிப்பவர் நாமாக இருக்க மாட்டோம்.

விலை கொடுத்தவன் கையிலே சாவியும் இருக்கட்டும்!