ஈரமானி பொய் சொல்கிறதா?



யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து ஒரு பிள்ளை கேட்கிறார்: "வீட்டில் சிறிய வானிலைக் கருவி வைத்திருக்கிறோம். பகலில் ஈரப்பதன் 55 வீதம் என்கிறது. இரவில் 99 ஏறினால் விடிந்து வெகுநேரமாகியும் இறங்குவதில்லை. இதைப் பார்த்துத்தான் தகப்பனார் முந்திரிகைப் பந்தலுக்கு மருந்து அடிக்கிறார். நம்பலாமா?"

நல்ல கேள்வி. இலை ஈரமாய் இருக்கும்போது பங்கசு நோய்கள் பல எளிதில் பற்றும். கருவி கூட்டிச் சொன்னால் மருந்துக் காசு வீண். குறைத்துச் சொன்னால் பந்தலே வீண். தராசு கோணலாயிருக்கையில் வியாபாரியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை அல்லவா?

முதலில் கருவி தொங்கும் இடத்தைப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழேயா? வெயில் படும் சுவரிலா? 30 பாகையில் 80 வீதம் ஈரப்பதனுள்ள காற்று 33 பாகைக்குச் சூடானால், கருவி ஏறத்தாழ 67 என்றே காட்டும். நீராவி சிறிதும் குறையவில்லை; சூடு மட்டுமே கூடியது! ஆகவே குறை உணரியில் அல்ல, இடத்தில் இருக்கலாம். ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் அமைத்த வெள்ளைச் சலாகைப் பெட்டி இதற்காகத்தான். நீங்களும் வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, நிழலும் காற்றோட்டமும் கிடைக்க, தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் வையுங்கள்.

இரண்டாவது, அழுக்கு. உணரிக்குள் இருக்கும் மெல்லிய படலம் நீராவியை உறிஞ்சி வெளிவிடுவதால்தான் அளவு தெரிகிறது. பனித்துளி தங்கினாலும், சோளகம் கொண்டுவரும் புழுதியும் கடலுப்பும் படிந்தாலும் அளவு மேலேயே நின்றுவிடும். பூச்சிமருந்தும் பெயின்ற் ஆவியும் படலத்தையே கெடுக்கும். மருந்து அடிக்கும் நாளில் கருவியைக் கழற்றி வையுங்கள். மூடியை மட்டும் மென்மையான தூரிகையால் துடையுங்கள். உணரியைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டாம்.

மூன்றாவது, உப்புச் சோதனை. போத்தல் மூடியொன்றில் தூள் உப்பை நிரப்பி, சில துளி நீர் விட்டுச் சேறுபோல் ஆக்குங்கள். உப்பு முழுதும் கரையக் கூடாது. கழுவாத கல்லுப்பு வேண்டாம். அதிலுள்ள மக்னீசிய உப்பு கணக்கைக் குழப்பும். மூடியையும் உணரியையும் காற்றுப் புகாத ஒரே பாத்திரத்தில், ஒன்றையொன்று தொடாமல், வெப்பம் மாறாத அறையில் 12 மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தில் நிற்கும். இது இயற்கையின் ஒழுங்கு.

கருவி 72 காட்டினால் 3 கூட்டிக்கொள்ளுங்கள். மலிவான உணரிகளில் இவ்வளவு பிழை சாதாரணம். 90 காட்டினால், வெளியே உலரவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் அப்படியே என்றால் உணரியை மாற்றுவதே நல்லது.

உங்கள் திருநெல்வேலியிலேயே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையம் இருக்கிறது. அவர்கள் அளவோடு அதே நேரத்து உங்கள் அளவை ஒரு வாரம் கொப்பியில் எழுதி ஒப்பிடுங்கள். இடத்துக்கிடம் சிறு வேற்றுமை இருக்கும். ஆனால் ஏற்ற இறக்கம் ஒத்துப்போக வேண்டும்.

அதுவரை தகப்பனாரிடம் சொல்லுங்கள்: எண்ணை மட்டும் பார்க்காமல், விடியற்காலையில் பந்தலுக்குப் போய் இலையையும் தொட்டுப் பார்க்கட்டும்.